பி.டி. மிஸ் ஏன் குதிக்கவில்லை

கோபாலபுரத்தில் ஜொவிட்டா வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சின்னது. ஒரு பழைய பங்களாவை வாங்கி, மேலே இரண்டு மாடி எழுப்பி, தோட்டம் இருந்த இடத்தில் சிமென்ட் போட்டு, அதற்கு விளையாட்டு மைதானம் என்று போர்டும் வைத்தார்கள். அந்த சிமென்டில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயிலில் நிற்கிற ஒரே ஆசிரியை அவள்தான். பிள்ளைகளுக்கு அவள் பி.டி. மிஸ்.

சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வீட்டில் யாரைக் கேட்டாலும் வாத்தியார் வேலைதான். மற்றவர்கள் கணக்கும் ஆங்கிலமும் எடுத்தார்கள். இவள் கல்லூரியில் தடை ஓட்டம் ஓடி, மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம். தலைமையாசிரியர் தப்பாகப் பேசினால் கூட்டத்திலேயே தப்பு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளே ஒரு விஷயத்தை ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள். பிரசவத்துக்கு வளைகாப்பு, சீர், தொட்டில், பெயர் வைப்பது என்று ஊரையே கூட்டுகிற நாம், பிரசவம் ஆன உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச நாலு பக்கமும் பார்க்கிறோம் இல்லையா, அந்த லட்சணம்தான் அவளையும் பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு மூத்திரம் அடங்கவில்லை.

மூத்தவன் ஜாக்சன் சிரமம் தராமல் பிறந்தான். இரண்டாவது, சோஃபியா, கிட்டத்தட்ட நாலு கிலோ. வழியில் சிக்கிக்கொண்டு, ஆயுதம் போட்டு இழுத்து எடுத்தார்கள். அன்று ராத்திரி ஜொவிட்டாவுக்கு மூத்திரம் வரவே இல்லை. நர்ஸ் வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்காரச் சொன்னாள். வைத்தியம் அவ்வளவுதான். அடிவயிறு கல்லாக வீங்கிய பிறகு டியூப் போட்டார்கள். டியூபை எடுத்ததும் வந்தது, இவளைக் கேட்காமல், அது நினைத்தபோது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆஸ்பத்திரி ஒரு பை கொடுத்தது. குழந்தை சோப்பு, பவுடர், ஆஸ்பத்திரி பெயர் போட்ட ஃபோட்டோ ஃபிரேம், தாய் என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு கலர் அட்டை. இதைப் பற்றி அந்தப் பையில் ஒன்றும் இல்லை, அதைக் கொடுத்தவர்கள் வாயிலும் இல்லை.

தும்மினால் வந்தது. குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்ந்தால் வந்தது. மாமியார் ஃப்ளோரன்ஸிடம் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் ரிடையரான ஆசிரியை, எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். பிள்ளை பெற்றால் எல்லாருக்கும் அப்படித்தான், வெந்தயக் கஞ்சி குடி, தானாகச் சரியாகும் என்றார். ஜொவிட்டா கஞ்சி குடித்தாள். கஞ்சியும் வெளியே வந்தது.

தி.நகரில் பெரிய பெயர் எடுத்த ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அங்கே முற்பகல் முழுக்கக் காத்திருந்தாள். உள்ளே போய் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

"சகஜம்மா. ரெண்டு குழந்தைக்கு அப்புறம் இதெல்லாம் இருக்கும். இருமுறப்போ, சிரிக்கிறப்போ கொஞ்சம் கவனமா இருந்துக்கோங்க."

எத்தனை வருஷம் படித்து, எத்தனை பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, கடைசியில் கொடுத்த மருந்து சிரிக்காதே என்பது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஜொவிட்டா, வரவேற்பறையில் இருந்த விளம்பரத்தைப் பார்த்தாள். ஒரு தாயும் குழந்தையும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாயைப் பார்த்து, 'உனக்கு இருக்குடி' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவள் கணவன் டெரிக் ஒரு பாங்க்கில் வேலை செய்கிறவன். கெட்டவன் இல்லை. கேட்டதும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான், அரைமணி நேரம் ஃபோனில் தேடினான், ஒரு வீடியோவை அனுப்பினான். அதில் இருபது வயசுப் பெண் ஒருத்தி பாயில் படுத்து, "உள்ளே இருக்கும் தசையை இறுக்குங்கள், விடுங்கள்" என்று புன்னகையோடு சொன்னாள். பிள்ளை என்ற ஒன்றைத் தூரத்திலிருந்துகூடப் பார்த்திராத வயிறு அவளுக்கு. "நீ ஸ்போர்ட்ஸ் ஆளாச்சே, உனக்கு ஈஸியா வரும்" என்றான் டெரிக். கட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் வாங்கிப் போட்டான். தன் பங்கு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தான். ஜொவிட்டா தினமும் அந்த வீடியோவைப் பார்த்து மூச்சைப் பிடித்து இறுக்கினாள். நிலைமை கொஞ்சம் மோசமானது.

லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பினாள். முதல் வாரமே ஆறாம் வகுப்புக்கு ஜம்பிங் ஜாக் செய்துகாட்டும்போது, மூன்றாவது குதியில் தொடை நனைந்தது. சாம்பல் நிற டிராக் பேன்ட். தண்ணீர் பாட்டிலை வேண்டுமென்றே மேலே கவிழ்த்துக்கொண்டு, "பாருங்க, மிஸ் கொட்டிக்கிட்டேன்" என்று சொல்லித் தப்பித்தாள். பிள்ளைகள் நம்பினார்கள். அன்று சாயங்காலமே கறுப்பு பேன்ட் நாலு வாங்கினாள். அதற்கப்புறம் அவள் எதையும் செய்துகாட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினாள். பலமாக ஊதினால் அதற்கும் வந்தது. மெதுவாக ஊதக் கற்றுக்கொண்டாள்.

நாப்கின் வைத்துப் பார்த்தாள். அது இதற்கென்று செய்தது இல்லை, வெயிலில் தொடை இடுக்கு புண்ணானது. வீடு இருக்கும் மயிலாப்பூரிலிருந்து கோபாலபுரம் பெரிய தூரம் இல்லை, ஆனால் வழியெல்லாம் தோண்டிப் போட்டு, இரும்புத் தகடு மூடி, ஒவ்வொரு தகட்டிலும் ஸ்கூட்டர் ஏறி இறங்குகிறது. அந்தத் தகடுகளை அவளைப் போல் வெறுத்தவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது.

பள்ளியில் தண்ணீர் மணி என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். அடிக்கிற பொறுப்பு பி.டி. மிஸ்ஸுக்கு. வரிசையாகக் குடிக்கிறார்களா என்று பார்ப்பாள், குடிக்காதவனை அதட்டுவாள். அவள் மட்டும் குடிக்க மாட்டாள். காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, அப்புறம் சாயங்காலம் வீடு திரும்பிய பிறகு தண்ணீர். ஏனென்றால் ஆசிரியைகளுக்கான கழிப்பறை இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே ஒன்று இருந்தது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, வாசனை உருண்டை எல்லாம் போட்டு, 'விருந்தினர்' என்று எழுதிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு விருந்தினர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்கள். அவர்களுடைய மூத்திரம் காத்திருக்கக் கூடாது என்பதில் நிர்வாகம் மிகவும் கருத்தாக இருந்தது.

தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு சும்மா இருக்குமா? மார்ச் மாதம் ஒரு நாள் மூன்றாவது பீரியடில் குளிர் தூக்கிப் போட்டது. அவ்வளவு வெயிலில் பல்லெல்லாம் தந்தியடித்தது. முதுகில் ஒரு பக்கம் கத்தி வைத்த மாதிரி வலி. கணக்கு ஆசிரியை விசாலாக்ஷி ஓடிவந்து பிடித்தாள். வாட்ச்மேன் சின்னப்பையன், "இன்னா மிஸ், ஒடம்பு இப்டி கொதிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவை மடக்கினான். ஆஸ்பத்திரியில் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று படுக்க வைத்து ஊசி போட்டார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜொவிட்டா சொன்னாள். ஏன் என்று கேட்டாள். அந்த ஏன் என்ற கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஜொவிட்டா படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், குழாயைத் திறந்துவிட்ட நர்ஸிலிருந்து டிராக் பேன்ட்வரை. அந்த டாக்டர் சகஜம் என்று சொல்லவில்லை. நிறையப் பேருக்கு வருகிறது, அதற்காக அப்படியே விட்டுவிடுகிற விஷயம் கிடையாது என்றாள். காய்ச்சல் இறங்கிய பிறகு சில பரிசோதனைகள் செய்து, அடையாறில் இதற்கென்றே பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியிடம் அனுப்பினாள்.

புஷ்ரா என்று பெயர். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு திரை. கதவைத் தாளிட்டுவிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லி, சம்மதம் கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே பரிசோதித்தாள். இறுக்குங்கள் என்றாள். ஜொவிட்டா வழக்கம்போல மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, தன் முழு பலத்தையும் போட்டாள்.

"நிறுத்துங்க" என்றாள் புஷ்ரா. "நீங்க மேல இழுக்கலை. கீழ தள்ளறீங்க. இத்தனை மாசமா இதைத்தான் செஞ்சீங்களா?"

ஜொவிட்டாவுக்கு அவமானமாக இருந்தது. பத்து வருஷமாகப் பிள்ளைகளிடம், தப்பாக நூறு தடவை செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம் என்று கத்துகிறவள், ஃபோனைப் பார்த்துத் தன் உடம்புக்குத் தானே எதிராக வேலை செய்திருக்கிறாள். திரும்பி வரும்போது டெரிக்குக்கு அந்த வீடியோவைத் திருப்பி அனுப்பி, கீழே ஒரு வார்த்தை எழுதினாள். அந்த வார்த்தையை இங்கே எழுத வேண்டாம்.

புஷ்ரா சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காற்றை அடக்குவதுபோல ஆசனவாயிலிருந்து ஆரம்பித்து, முன்பக்கம்வரை உள்ளுக்கும் மேலுக்குமாக இழுக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்த தசையைச் சில நொடி பிடித்து வைத்து, முழுதாக விட வேண்டும். தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்தால், அதற்கு ஒரு நொடி முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். காபியைக் குறைக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே கிளம்பும் முன்பெல்லாம் பாத்ரூம் போகிற பழக்கத்தை விட வேண்டும். இல்லையென்றால் மூத்திரப்பை கொஞ்சம் நிரம்பியதுமே அவசரப்படுத்தும். இதை மாதக்கணக்கில் செய்தால்தான் வித்தியாசம் தெரியும், அப்படியும் முழுதாகச் சரியாகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். ஜொவிட்டாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்திருந்தது.

வீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்துச் செய்துகொண்டிருந்தபோது ஃப்ளோரன்ஸ் வாசலில் நின்று பார்த்தார். இதற்கெல்லாம் ஒரு கிளினிக்கா, எங்கள் காலத்தில் நாங்கள் யாரும் கட்டிலில் படுத்துக் காலை மடக்கவில்லை என்று ஆரம்பித்தார். ஜொவிட்டா இழுத்த தசையை விடாமலே தலையைத் திருப்பி, "அத்தை, நீங்க ஏன் எப்பவும் கோயில்ல பக்கவாட்டுக் கதவுகிட்ட கடைசி பெஞ்ச்லயே உட்கார்றீங்க?" என்று கேட்டாள்.

ஃப்ளோரன்ஸுக்கு முகம் மாறியது. அந்தக் கடைசி பெஞ்ச் அவர்கள் பங்குக் கோயிலில் பிரபலம். முன்னால் வந்து உட்காரச் சொன்னால் வர மாட்டார். ஒரு ஃபாதர் தன் பிரசங்கத்திலேயே, பணிவு என்றால் என்ன என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஃப்ளோரன்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டெரிக் பொறந்ததுலேர்ந்து" என்றார்.

முப்பத்தாறு வருஷம். கதவுக்கு வெளியே பத்தடியில் கழிப்பறை. பாட்டுப் பூசை நீண்டால் பிரசங்கத்தின்போது ஒரு தடவை எழுந்து போய்வருவார். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் போகிற கூட்டத்தோடு ஒரு வருஷமும் போனதில்லை. முழங்கால் வலி என்று சொல்வார். செத்துப்போன கணவருக்கே தெரியாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு மருமகளுக்கு வெந்தயக் கஞ்சி ஊற்றியிருக்கிறார். ஜொவிட்டாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். எழுபது வயசில் எனக்கு எதற்கு என்று ஃப்ளோரன்ஸ் எழுந்து போய்விட்டார். நாலு நாள் கழித்து, டெரிக் ஆபீசுக்குப் போன பிறகு வந்து, எப்படி இழுப்பது என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட் சிதம்பரநாதன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாண்டி பஜாரில் துணிக்கடை. கல்விக்குச் சேவை செய்ய வேண்டும் என்று பள்ளியை வாங்கியதாகச் சொல்வார். எப்போது சொன்னாலும் கூடவே கடையைப் பற்றியும் சொல்வார். அந்த வருஷ விளையாட்டு விழாவில் ஆசிரியைகள் எல்லாரும் ஒரே நிறப் புடவை கட்டி, கையில் வளையம் பிடித்து, பாட்டுக்குக் குதித்து ஆட வேண்டும் என்று முடிவெடுத்தார். புடவை அவர் கடையிலிருந்தே வரும். முன்வரிசையில் நின்று ஆடிக்காட்ட பி.டி. மிஸ். முடியாது என்று ஜொவிட்டா தலைமையாசிரியரிடம் சொன்னாள். மறுநாள் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு அனுப்பினார்.

அறையில் அவரும், பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற அவர் மனைவி தங்கபுஷ்பமும் இருந்தார்கள். அந்த அம்மாள் ஏதோ பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் நிதானமாகத்தான் பேசினார். கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன், உடற்பயிற்சி ஆசிரியை நாற்காலியிலேயே இருக்கிறீர்கள், என் கடையில் பெண் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்கிறார்கள், ஒருத்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்றார். கடை ஊழியர்கள் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று சட்டம் வந்து வருஷக்கணக்காகிறது என்பதையும் பெருமையாகத்தான் மறந்திருந்தார்.

"காரணம் தெரியணும் டீச்சர். ஒங்களுக்கு வேலையில இஷ்டம் இல்லையா?"

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். ஃப்ளோரன்ஸின் முழங்கால் வலி ஞாபகம் வந்தது அவளுக்கு.

"நான் குதிச்சா மூத்திரம் வந்துடும் சார்" என்றாள். "குழந்தை பொறந்ததுலேர்ந்து. ட்ரீட்மென்ட் எடுக்கறேன். இன்னும் கொஞ்ச மாசம் ஆகும்."

சிதம்பரநாதன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பெண்களோடு பேசுகிற மனுஷன், கூரையில் ஓடுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு, "இதெல்லாம் லேடீஸ்கிட்ட சொல்ற விஷயம்" என்று மனைவி பக்கம் கையைக் காட்டினார். தங்கபுஷ்பம் பில்லிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் புரட்டுவது நின்றிருந்தது.

"லேடீஸ்கிட்ட சொன்னா அவங்ககிட்ட சாவி இல்ல சார். கீழ இருக்கற பாத்ரூம் பூட்டியிருக்கு. நான் நாள் பூரா கீழதான் நிக்கறேன். ரெண்டு மாடி ஏறிப் போறதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்து, கிட்னி வரைக்கும் போயிடுச்சு. அதைத் திறந்து விடுங்க."

அவர் யோசிப்பதாகச் சொன்னார். யோசித்ததன் பலன் அடுத்த வாரம் தெரிந்தது. வெயில் காரணமாக ஆசிரியைகளின் நடனம் ரத்து என்று சுற்றறிக்கை வந்தது. விழா நடந்தது ஜனவரியில். கழிப்பறை விஷயத்தில் நிர்வாகம் பெரிய மனசு பண்ணி, அவசரமென்றால் ஆசிரியைகள் ஆபீஸ் கிளார்க்கிடம் சாவி வாங்கிக்கொள்ளலாம் என்றது. கிளார்க் ஒரு ஆண். எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தருவார். வேறு எதற்குக் கேட்பார்கள் அந்தச் சாவியை? ஜொவிட்டா முதல் நாள் வாங்கினாள், விசில் கயிற்றிலேயே சாவியையும் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. கிளார்க் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, வேண்டுமென்றால் கரஸ்பாண்டன்ட் சாரிடம் போய், பி.டி. மிஸ் எதற்கு வைத்திருக்கிறாள் என்று விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சாவிக்கு வந்தவர்கள் மெதுவாக வேறு பேச்சும் பேசினார்கள். விசாலாக்ஷி ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பெண். ஆத்துல யார்கிட்டயும் சொன்னதில்லை, போர்டுல உயரமா எழுத எக்கினாலே ஆயிடறது, அதனாலதான் பாதி போர்டுக்குக் கீழயே எழுதறேன் என்றாள். கணக்கு மிஸ் ஏன் குனிந்து குனிந்து எழுதுகிறாள் என்று பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரிப்பது ஜொவிட்டாவுக்குத் தெரியும். புஷ்ராவின் நம்பரைக் கொடுத்தாள். தங்கபுஷ்பமும் வந்தார். வராந்தாவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு அந்த கிளினிக் விலாசம் வேண்டும் என்றார். அந்தச் சொந்தக்காரி சனிக்கிழமை காலைகளில் கரஸ்பாண்டன்ட்டின் காரிலேயே அடையாறு போய்வந்தாள்.

புஷ்ராவிடம் போக ஆரம்பித்து ஜொவிட்டாவுக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கயிறு தாண்டிக் காட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. பத்து தாண்டலுக்கு மேல் போகவில்லை, ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். விசிலைப் பழையபடி தெருமுனைவரை கேட்கிற மாதிரி ஊதினாள். நல்ல ஜலதோஷம் பிடித்தால் இப்போதும் கொஞ்சம் போகிறது. கறுப்பு பேன்ட்டை அவள் விடவில்லை.

சென்ற மாதம் தமிழாசிரியை சிந்து பிரசவ லீவில் போனாள். முதல் குழந்தை. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டி, கண்ணாடி வளையல் போட்டு, ஆளுக்கொரு பரிசு கொடுத்தார்கள். குழந்தைச் சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை. ஜொவிட்டா ஒரு சட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பிரசவத்துக்கப்புறம் மூத்திரம் அடங்காமல் போகலாம், வராமலே நிற்கவும் செய்யலாம், குழாயைத் திறந்துவிட்டுப் போனால் நர்ஸைத் திரும்பக் கூப்பிடு, ஆறு வாரத்துக்கு மேலும் கசிந்தால் சகஜம் என்று சொல்கிறவர்களிடம் நிற்காதே என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு கையில் கேக்கோடு சிந்து விழித்தாள். தலைமையாசிரியர், நல்ல நாளில் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாமே என்றார்.

"என்னை யாரும் பயமுறுத்தலை சார். கலர் அட்டை குடுத்து அனுப்பினாங்க" என்றாள் ஜொவிட்டா.

அவர் கேக்கைப் பார்க்கப் போய்விட்டார். சிந்து குரலைத் தாழ்த்தி, "மிஸ், எனக்கு இப்பவே இருமினா கொஞ்சம் வருது. எங்கம்மா, குழந்தை அழுத்துதுன்னு சொல்லிட்டாங்க. பொறந்தப்புறம்தான் போகணுமா?" என்று கேட்டாள்.

"குழந்தை அழுத்துறது நிஜம்தான். அதுக்காக நீ ஏன் காத்திருக்கணும்? உன் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு நாளைக்கே போ" என்றாள் ஜொவிட்டா. சிந்துவின் ஃபோனை வாங்கி, புஷ்ராவின் நம்பரைத் தானே பதிந்து, அடையாறு பஸ் டெப்போவில் இறங்கி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், லிஃப்ட் வேலை செய்யாது, படியில் மெதுவாக ஏறு, காலையிலேயே கூட்டம் சேர்வதற்குள் போய்விடு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.